எட்டுத் துண்டு

மாதக் கடைசி வியாழன்.
சம்பளம் வந்த பிறகு சாப்பிட்டால்
நாக்கு பொய் சொல்லும் என்பது
கோதண்டத்தின் கட்சி.

காக்ஸ் டவுனில்
மாவு மில்லுக்கும்
மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்கும் நடுவே
பத்துக்குப் பதினான்கு அடியில் ஒரு பீட்சா கடை.
பெயர்ப்பலகையில் மூன்றாவது எழுத்தை
அடுப்புப் புகை தின்றுவிட்டது.
வாசலில் தண்ணீர் லாரி.
அதன் பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கி
ஒவ்வொருவராக உள்ளே போனோம்.

யாரும் எங்களைக் கேட்கவில்லை.
இருந்தும் ஏழு வருடமாகத் தீர்ப்பு சொல்கிறோம்,
பில்லின் பின்பக்கத்தில்.
என் வேலை எழுதுவது.
எனக்கு ருசி தெரியாதென்று முதல் வருடமே
ஒருமனதாகத் தீர்மானம் ஆகிவிட்டது.

ஃபிலோமினா துண்டைத் தூக்கி
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.
வங்கியில் கள்ள நோட்டுப் பார்க்கிற கை.
"ஓரம் கருகியிருக்கு."
"கருகல் இல்ல, அது சிறுத்தைப்புள்ளி.
அப்படித்தான் இருக்கணும்"
என்றான் இம்தியாஸ், வீடியோவில் படித்தவன்.
"இதையே எங்க வீட்டுத் தோசையில பாத்தா
சிறுத்தைன்னா சொல்லுவ?"
இது கோதண்டம்.

சீஸ்: இழுத்தால் வருகிறது,
ஆனால் மனசில்லாமல்.
தக்காளி: புளிப்பு சரி,
கோலாரிலிருந்து வந்ததாக இருக்கும் என்றேன்.
ருசி தெரியாதவன் ஊர் சொல்லக்கூடாது என்றார்கள்.
மிளகாய்த்தூள்: நாலு பேருக்கு இரண்டு பொட்டலம்.
அரை மதிப்பெண் அங்கேயே போயிற்று.

முன்பு ஐந்து பேர்.
எட்டை ஐந்தால் வகுத்து
மிஞ்சிய மூன்றுக்காக
நாங்கள் போட்ட வழக்குகளுக்குத்
தனியாக ஒரு கோர்ட்டே கட்டியிருக்கலாம்.
கடைசித் துண்டை நூல் பிடித்து
அளந்து பிரித்தவள் சந்திரவதனி.
போன ஆடி முடிந்ததும்
ஒயிட்ஃபீல்டுக்குக் குடிபோனாள்.
துபாய்க்குப் போயிருந்தால்
வருடம் ஒரு தடவையாவது வந்திருப்பாள்.

இப்போது ஆளுக்கு இரண்டு.
கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிவது
சாப்பாட்டுக்கு நல்லதில்லை.

படம் எடுத்து அனுப்பினோம்.
டின் ஃபேக்டரி சிக்னலில் நின்றபடி
பதில் போட்டாள்:
"ஆறரை. நடுவுல ஈரம்."
குனிந்து பார்த்தோம்.
நடுவில் ஈரமாகத்தான் இருந்தது.

ஃபிலோமினா ஐந்தரை.
இம்தியாஸ் ஏழு, சிறுத்தைக்காக.
கோதண்டம் ஆறு.
நானும் ஆறு,
ருசி தெரியாவிட்டாலும் ஓட்டு ஓட்டுதானே.
காசோடு பில்லையும் தவறிக் கொடுத்துவிட்டேன்.

முதலாளி, சமையல்காரர், சப்ளையர்
மூன்றும் ஒரே ஆள்.
பெயர் நஞ்சேகவுடா.
முழங்கை வரை மாவு.
தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது,
எண் தெரியும்.
கால்குலேட்டரை இழுத்துக் கூட்டினார்.
முப்பத்தொன்று.
வகுக்கப் போனவர் நிறுத்தி
எங்களை எண்ணினார்.
"ஜனா நாலு, நம்பர் அஞ்சு. யேனு சார் இது?"

சொன்னோம்.
ஒயிட்ஃபீல்டு என்றதும்
இறந்துபோனவர்களுக்குப் போல
நாக்கால் உச்சுக்கொட்டினார்.
பிறகு ஐந்தால் வகுத்தார்.
ஆறு புள்ளி இரண்டு.
"எஸ்எஸ்எல்சில நனக்கு இதவிடக் கம்மி"
என்று சொல்லி
பில்லை மடித்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார்.
சந்தோஷமா கோபமா தெரியவில்லை.
மாவு ஒட்டிய முகத்தில் அதெல்லாம் தெரிவதில்லை.

கை கழுவித் திரும்பினால்
தட்டில் ஒரு துண்டு.
ஆறிப்போய், நுனி வளைந்து.
யாருடையது?
நால்வரும் இரண்டு தின்றதாகச் சத்தியம்.
ஃபிலோமினா மாதாவின் மேல்,
இம்தியாஸ் பைக்கின் மேல்.
குரல் ஏறியது.
மில்லில் மிளகாய் அரைபடுவதையும் மீறி ஏறியது.
இவ்வளவு சத்தமாக நாங்கள் பேசி
எட்டு மாதம் ஆகியிருக்கும்.

நான் ஒன்றுதான் தின்றேன் என்பதை
இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நஞ்சேகவுடா ஒரு விளக்கை அணைத்தார்.
நாங்கள் எழுந்திருக்கவில்லை.
நூல் கிடைக்காமல்
பக்கத்துக் கடைக்குப் போன கோதண்டம்
ஒரு முழம் செம்புக் கம்பியோடு
திரும்பி வந்துகொண்டிருந்தான்.