சான்றுப் பொருள்

விளக்கு பச்சையாகி மறுபடி சிவந்தும்
நகரவில்லை ஒடெலின் வேன்.
மில்வாக்கியில் அன்று முழங்கால் பனி.

காவலர் சட்டைக் கேமராவில் பின்னால்தான் பார்த்தேன்:
வியர்வை, குழறும் நாக்கு.
பெயர் கேட்கிறார்கள்;
என் பெயரைச் சொல்கிறான்.
“நல்ல குடி” என்கிறது ஒரு குரல்.
பையில் வெள்ளைத் தூள் கிடைத்ததும்
“குடி மட்டுமில்லை” என்கிறது இன்னொன்று.

மணிக்கட்டில் நீரிழிவு என்று பொறித்த வளையம்.
அதன்மேலேயே விலங்கு.

நொறுங்கிய அந்த மாத்திரையை
அள்ளி வாயில் போட்டிருந்தால்
கால்மணியில் தன் பெயரையே சொல்லியிருப்பான்.
உறையிலிட்டார்கள், எண் எழுதினார்கள்,
கையெழுத்திட்டுப் பத்திரப்படுத்தினார்கள்,
தூளை.
அவனை ஓர் அறையில்
தூங்கட்டும் என்று விட்டார்கள்.

பதினோராம் நாள் ஆய்வகம் சொன்னது:
குளுக்கோஸ்.
அதற்கு நாலு நாள் முன்பே
உறைந்த மண்ணை இயந்திரத்தால் உடைத்து
அவனை இறக்கியிருந்தோம்.

நேற்றிரவு எதிர்வீட்டு காசிமிர்
படியில் சரிந்து கிடந்தார்.
ஒன்பதை அழுத்தினேன். ஒன்று.
அடுத்த ஒன்றுக்கு விரல் போகவில்லை.
சர்க்கரை டப்பாவோடு
வெறுங்காலில் பனியில் ஓடினேன்,
அவருக்கு என்ன நோய் என்றே தெரியாமல்.