ஐம்பத்தெட்டுக்கு ஒரு வரி

மார்ச்சில் மெல்பர்ன்.
இங்கே காலை ஒன்பதரை.
எண்ணூர் விரைவுச் சாலையில்
இருபத்திரண்டு சக்கர டிரெய்லருக்கு அடியில் கிடந்தேன்.
கழற்றிப்போட்ட டயரில் செல்போன் சாய்ந்திருந்தது.
அதில் ஒரு வண்டி உள்ளே வந்தது,
நான்கு டயரும் மாறியது, போய்விட்டது.
நான் முதல் போல்ட்டுக்கு
எண்ணெய்தான் விட்டிருந்தேன்.

எனக்குக் கடைசியில் வருகிற ஐம்பத்தெட்டைப் பிடிக்கும்.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.
முன்னால் போகிறவன் ஒரு சுற்று அதிகம் ஓடி
அவனைத் தாண்டும்போதுதான்
கேமரா அவன் பக்கம் திரும்பும்.
நீலக் கொடி காட்டுவார்கள். ஒதுங்குவான்.

கடை ஷட்டரில் பாக்கி எழுதும் இடத்தில்
மேலே கொஞ்சம் காலி இருந்தது.
சாக்பீஸால் அவனுக்கும் ஒரு வரி போட்டேன்.
ஐம்பத்தெட்டு, 0.
தேசப்பன், 340.
குல்முகமது, டியூப் ஒன்று.
ஆந்திரா வண்டி, பெயர் தெரியாது, 600.

மே மாதம் மொனாக்கோ.
அங்கேயும் கடலை ஒட்டித்தான் ரோடு.
அவர்கள் கப்பலில் நின்று பார்க்கிறார்கள்.
இங்கே கல் கொட்டிய கரையில் பையன்கள்
பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறார்கள்,
லாரிகளைப் பார்க்காமல்.
ஐம்பத்தெட்டு சுவரில் உரசினான். 0.
ஜூலையில் இங்கிலாந்து, 0.
இத்தாலியில் என்ஜின் புகைந்தது.
சிங்கப்பூரை நான் பார்க்கவில்லை,
மணலியில் டேங்கர் ஒன்று கவிழ்ந்துவிட்டது.

அமெரிக்காவில் ஓடினால் நமக்கு நடுராத்திரி.
துறைமுக வாசலுக்கு வரிசை ஆறு கிலோமீட்டர்.
பதினான்கு மணி நேரமாய் நிற்கிற டிரைவர்கள்
முன்னூறு வேகத்தைக் குனிந்து பார்த்தார்கள்.
"இவனுங்க எங்கதான் போறானுங்க?" தேசப்பன் கேட்டார்.
"எங்கயும் இல்லண்ணே. கெளம்புன எடத்துக்கே."
"அதுக்கா இம்மாம் அவசரம்?"

நவம்பர். பிரேசிலில் மழை.
எங்களுக்கும்.
கரண்ட் இல்லை, கடைக்குள் கணுக்கால் தண்ணீர்,
செல்லில் நான்கு சதவீதம்.
தேசப்பன் கேபினில் ஏறிக்கொண்டோம்.
சார்ஜர் வயரை அழுத்திப் பிடித்தால்தான் ஏறும்,
டில்லிபாபு பிடித்துக்கொண்டான்.
அங்கே ஒவ்வொருவனாய் வழுக்கிச் சரளையில் போனான்.
ஐம்பத்தெட்டு பதினெட்டிலிருந்து பதினாறு,
பதினான்கு,
பன்னிரண்டு.
அவன் பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை,
ரோட்டிலேயே இருந்தான்.
பதினொன்று.
இன்னும் இரண்டு சுற்று.

அப்போது பார்த்து வரிசை நகர்ந்தது,
சாயங்காலத்திலிருந்து முதல் தடவையாக.
பின்னால் ஹாரன், வசவு.
தேசப்பன் கியர் போட, வண்டி குலுங்க,
டில்லிபாபுவின் கையிலிருந்து வயர் நழுவி
திரை கறுத்தது.
முப்பது அடி போய் நின்றோம்.
கண்ணாடியில் வைப்பர் மட்டும்
இப்படியும் அப்படியும்.

மறுநாள் மதியம்தான் தெரிந்தது.
பதினொன்றில்தான் முடித்திருக்கிறான்.
அதற்குக் கீழே சின்ன எழுத்தில்
பத்தாவது வந்தவனுக்கு ஐந்து விநாடி தண்டனை.
கூட்டம் கலைந்த பிறகு
ஏதோ ஒரு அறையில் மேசை போட்டு உட்கார்ந்து
அவனுக்கு ஒரு புள்ளி கொடுத்திருக்கிறார்கள்.
அவன் அப்போது குளித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஷட்டரின் கீழ்ப்பாதியை
லாரிகள் வாரியடித்த தண்ணீர் கழுவிவிட்டது.
குல்முகமதுவின் டியூப் போயிற்று,
ஆந்திரா அறுநூறும்.
மேல்வரி தப்பியிருந்தது.
சைபரை உள்ளங்கையால் அழித்து
ஒன்று போட்டேன்.
கைக் கிரீஸ் பட்டு அந்த இடமே கறுப்பாகிவிட்டது,
அதன் மேல் வெள்ளையாய் ஒன்று.

டிசம்பரில் அபுதாபி, வாணவேடிக்கை.
அடுத்த வருடப் பட்டியலில் ஐம்பத்தெட்டு இல்லை.
அந்த வாரம் கடைக்கு வந்த நாமக்கல் வண்டிக்காரர்
பீடி பற்றவைத்தபடி ஷட்டரைப் படித்தார்.
"யாருப்பா அம்பத்தெட்டு?
ஒரே ஒரு ரூபாதான் பாக்கியா?"
"பாக்கி இல்ல சார், வரவு."
புரிந்தமாதிரி தலையாட்டிவிட்டு,
பின்னால், இடது பக்கம், உள் டயர் என்றார்.
ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனேன்.