வினைமுற்று

முந்நூற்று எண்பத்தெட்டாம் அத்தியாயம்.
பதினாறாவது நிமிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
திரையில் ஒருத்தி,
இல்லை, ஒன்று,
முழங்கை பிளந்து வயர்கள் தொங்க,
விழுந்து கிடப்பவனின் நெஞ்சுக்கு நேரே
மற்றக் கையை ஓங்கியபடி நிற்கிறது.
நிற்கிறாள்.
இரண்டையும் அடித்துப் பார்த்து
இரண்டையும் அழித்துவிட்டேன்.

உவர்மலையில் இரவு ஒரு மணி.
மதிலுக்கு வெளியே ஒரு மான்
யாரோ வீசிய கொத்து ரொட்டிப் பையை
நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது.
மான் விடயத்தில் சந்தேகமில்லை: அது.

ஜப்பானில் முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்கென்று
படித்த மொழி இது.
பரீட்சையில் ஆறு புள்ளி குறைந்தது.
மிச்சமாகிப்போன மொழியை எங்கே கொண்டுபோய்க் கொட்ட?
இருபது வருடமாக முடியாத இந்தச் சண்டைத் தொடருக்குத்
தமிழில் சப்டைட்டில் போடுகிறேன், சம்பளமில்லாமல்.

ஜப்பானிய வினைக்கு வால் இல்லை.
அடி விழுந்தது என்று சொல்லும்,
அடித்தது ஆணா பெண்ணா பொருளா என்று
வாய் திறக்காது.
தமிழ் வினை அப்படியல்ல.
கடைசி எழுத்தில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் தொடக்கத்திலேயே ஒரு சட்டம் போட்டேன்.
பிறந்து, பிறகு இரும்பானவன் சைபோர்க்: அவன்.
பிறக்காமலே பூட்டப்பட்டது ஆண்ட்ராய்டு: அது.
அறுபது அத்தியாயம் இந்தச் சட்டத்தில் ஓடியது,
ஓட்டை தெரியாத தோணி மாதிரி.

நேரம் பொருத்துவது நுஸ்ரான், கிண்ணியாவிலிருந்து.
அவனுக்கு வலக்கால் முழங்காலோடு சரி.
சண்டையிலா என்று எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.
இல்லை, தம்பலகாமத்தில் சீமெந்து லொறி என்பான்.
கேட்டவர்கள் முகத்தில் சின்ன ஏமாற்றம் விழும்.
அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

நேற்றுக் குரல்செய்தி அனுப்பியிருந்தான்:
“வாகினி, ஒன்ட சட்டப்படி பாத்தா
நான் எத்தன வீதம் அவன்?”
சிரிப்பு. பின்னால் பாலத்தில் போகும் பஸ்.
“கால் எப்பவும் அதுதானே.
சதையா இருக்கக்கொள்ளையும் அது வலிச்சிச்சி.
இப்ப இல்லாத காலும் வலிக்கிது.
பிளாஸ்டிக் கால் மட்டும்தான் வலிக்கிறல்ல.
இதுக்கு என்ன வால் போடுவாய்?”

உள்ளே அம்மா அப்பாவிடம் கேட்கிறாள்:
“அது இன்னும் படுக்கேல்லையோ?”
அது நான்தான்.
கோபத்தில் என்றால் “அவள்” என்பாள்.
பிரியம் வந்தால் என்னை அஃறிணையில் இறக்கிவிடுவாள்.

ஓடவிடுகிறேன்.
அதைச் செய்தவனின் குரல் காதுக்குள் கட்டளையிடுகிறது: முடி.
ஓங்கிய கை நடுங்கவில்லை.
நடுங்கும்படி யாரும் அதைச் செய்திருக்கவில்லை.
மோட்டார் இரைச்சல்,
அல்லது என் மேசை விசிறியின் இரைச்சல்.
பிறகு கை மெதுவாக இறங்குகிறது.
கதைசொல்லி ஒரே ஒரு சொல் சொல்கிறான்.

தட்டச்சுகிறேன்:
தாக்கவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வால் எங்கே?
நான் தாக்கவில்லை. நீ தாக்கவில்லை.
அவள் தாக்கவில்லை, மான் தாக்கவில்லை,
அன்றைக்கு மட்டும் அந்த லொறி தாக்கவில்லை என்றிருந்தால்.
மாட்டேன் என்று நின்றுவிட்ட எவரிடமும்
இந்த மொழி திணை கேட்பதில்லை.
பத்தாம் வகுப்பில் படித்ததுதான்.
பரீட்சைக்கு வந்தது, எழுதி, மறந்தது.

மான் பையை விட்டுவிட்டுப் போய்விட்டது.
முந்நூற்று எண்பத்தொன்பதைத் திறந்தேன்.
முதல் காட்சி: மழை, ஒற்றைக் கை, ஒரு நீளப் பாதை.
“நடந்து வருகிறாள்” என்று எழுதி
நாலு வரி தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.
திருத்தவில்லை.

விடியக்காலையில் நுஸ்ரான் கோப்பைத் திருப்பி அனுப்பினான்.
அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
அரைச் செக்கன் மட்டும் பின்னால் தள்ளியிருந்தான்,
கை முழுக்க இறங்கிய பிறகு
தெரியட்டும் என்று.