உலர்துறை எண் இரண்டு

முதலில் பார்ப்பவர்களுக்குக் குளம் போலத்தான் தெரியும்.
இருபுறமும் கருங்கல் படி, கீழே போகப் போகக் குறுகும்.
ஆனால் இது
தண்ணீர் நிற்கவே கூடாதென்று வெட்டிய குளம்.

கார்ன்வால் கரையில், விக்டோரியா ராணி காலத்துப் பள்ளம்.
கப்பலை உருவி எடுத்த பிறகு
மிச்சமிருக்கும் கப்பல் வடிவம்.
கடைசியாக வந்து போனது எது என்று
பலகையில் எழுதியிருக்கிறார்கள்.
பெயரின் பாதியைக் கடற்பறவை எச்சம் மூடிவிட்டது.

நான் மார்வென்னா. பம்ப் அறையில் வேலை.
கடலை வெளியே நிறுத்திவைக்கச் சம்பளம்.
பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று
அரசு அறிவித்தது கடலுக்குத் தெரியாது.
அது இன்னமும் வேலைக்கு வருகிறது,
நாளைக்கு இரண்டு ஷிப்ட்;
இரும்புக் கதவின் அடியில் விரல் நுழைத்துப் பார்க்கிறது.

கதவு ரப்பருக்குப் பணம் கேட்டேன்.
கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் வந்தது.
அசல் சிவப்பு என்றார் பெல்லோ,
ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் தேடிய சிவப்பு.
நல்ல சிவப்புதான்.

சனிக்கிழமை கல்யாணத்துக்கு வாடகை விட்டிருந்தார்கள்.
முந்தின நாளே அடித்தளத்தில்
எண்பது வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி.
பௌர்ணமி.
இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

டார்ச்சோடு மேல்படியில் உட்கார்ந்திருந்தேன்.
வேறென்ன செய்ய, வாளியால் இறைக்கவா கடலை?
நாற்காலிகளின் கால் நனைந்தது.
ஒன்று மட்டும் எழுந்தது,
கூட்டத்தில் கேள்வி கேட்க எழுபவர் போல.
பிறகு இரண்டாவது வரிசை முழுக்க.
பிறகு எல்லாமே, ஒன்றையொன்று இடித்து,
முதுகு திருப்பி, மன்னிப்புக் கேட்காமல்.

யாரிடமும் சொல்லவில்லை,
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக
இதற்குள் ஏதோ மிதந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட். பம்ப் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
பத்து மணிக்குச் செனாரா வந்தாள், மணப்பெண்,
கவுனுக்குக் கீழே யாருடையதோ ரப்பர் பூட்ஸ்.
முழங்கால் ஆழச் சகதித் தண்ணீரைப் பார்த்தாள்.
பெல்லோவைப் பார்த்தாள்.
"படியிலேயே நிற்கலாமே."

நின்றார்கள்.
எண்பது பேர், இருபுறமும், படிக்குப் படி,
நடுவில் ஒன்றுமில்லாததைப் பார்த்தபடி.
கப்பலின் வயிற்றைச் சுரண்டியவர்கள்
நின்ற அதே உயரங்களில்.
மாப்பிள்ளையின் அத்தை பாசியில் வழுக்கினாள்;
நான்கு கைகள் நீண்டன, தொப்பி மட்டும் போனது.

பதிவேட்டில் எழுதினேன்:
நீர்மட்டம் ஒரு மீட்டர் பத்து.
சேதம்: நாற்காலி நான்கு, தொப்பி ஒன்று.
மிதந்ததற்கு அதில் கட்டம் இல்லை.

அடுத்த ஏற்றம் மாலை ஆறு பத்துக்கு.
கம்பியைத் தொடாதீர்கள்,
சிவப்பு இன்னும் காயவில்லை.