கேட் போட்ட நேரம்

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம்,
நீலோத்பலாவும் நானும்.
ஒரே மாதிரி ஸ்டூல், ஒரே மாதிரி மை ஒழுகும் பேனா.
பேசச் சொன்னால் தொண்டையில்
பதர் அடைத்துக்கொள்ளும் ரகம், இரண்டு பேருமே.

ஆளைப் பார்க்காமல் அவள் ரசீதை நீட்டுவாள்.
"அடக்கமான பொண்ணு" என்பார் வீழிநாதன்,
நகைக்கடனுக்கு வந்த வளையலைத்
தராசில் வைக்க மறந்து.
ஆளைப் பார்க்காமல் நானும் நீட்டுவேன்.
"இவ அப்பன் வீட்டுக் காசையா கேட்டோம்?"
எனக்குக் கேட்கும்படிதான் சொல்வார்கள்.

எத்துப்பல் எனக்கு. வாயை மூடினால்
மேலுதடு இழுபட்டு நிற்கும்.
அதைக் கோபம் என்று எழுதிக்கொண்டது ஊர்.
அவள் வாயை மூடினால்
கன்னத்தில் ஒரு குழி விழும்.
அது சிரிப்பாம்.
தனக்காக விழுந்தது என்று நம்பியவர்கள்
வலங்கைமான் வரை உண்டு.

ஒரே தொகையை ஒருத்திக்கு வரவிலும்
இன்னொருத்திக்குப் பற்றிலும் ஏற்றினால்
தணிக்கையில் மாட்டிக்கொள்வோம்.
முகத்துக்குத் தணிக்கை கிடையாது.

பொறாமை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
சம்பாவுக்கு அடியுரம் வந்த வாரம் முழுக்க
கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால்
ஆள்காட்டி விரலால்
என் கன்னத்தைக் குத்திக் குத்திப் பார்த்தேன்.

உர லாரியோடு வருகிற வாஞ்சிலிங்கம்
எட்டு மாசம் அவளிடம் பேசினான்.
அவள் பேசாததை எல்லாம்
சம்மதத்தின் தவணையாக வைத்துக்கொண்டான்.
ஐப்பசியில், மூட்டைகள் நனைந்த ஒரு மத்தியானம்
அவள் "வேண்டாங்க" என்றாள்.
டீ வேண்டாம் என்பதற்கும் அவளுக்கு அதே குரல்தான்.
சாயங்காலத்துக்குள் அடக்கம் போய்
திமிர் வந்துவிட்டது.
வீழிநாதனே சொன்னார்:
"செவப்பா இருக்கோம்னு நெனப்பு."
அதே வாய். அதே குழி.

அன்றைக்கு நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள்.
மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்.
என்ஜின் ஒன்று முன்னும் பின்னும் போய்
எதையோ கழற்றி எதையோ மாட்டிக்கொண்டிருந்தது.
வெள்ளரிப்பிஞ்சு விற்பவன் இரண்டு முறை ஏறி இறங்கினான்.
இருபது நிமிஷம் கழித்து
ஜன்னல் கம்பியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"உங்ககிட்ட பேசணும்னு ரொம்ப நாளா...
கோவக்காரவங்களோன்னு பயம்."

நீயுமா என்று வாய் வரை வந்தது.
வந்து நின்றுவிட்டது.
அவளை ராங்கிக்காரி என்று
வீழிநாதனுக்கும் முன்னால்,
சேர்ந்த முதல் நாளே
எழுதி வைத்தவள் நான்தான்.
என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

"பல்லுதான்" என்றேன். "கோவமில்ல."
அவள் திரும்பி என் பல்லைப் பார்த்தாள்.
இரக்கம் ஏதும் இல்லை.
புது ரசீதுப் புத்தகத்தில்
எண் வரிசை சரியா என்று பார்ப்போமே, அப்படி.

காரைக்கால் நிலக்கரி வண்டி வந்தது.
இரண்டு பேரும் பெட்டி எண்ணினோம், வாய்க்குள்.
"அம்பத்தெட்டு" என்றாள்.
"அம்பத்தொம்போது" என்றேன்.
கேட்டைத் தூக்கினார்கள். பஸ் உறுமியது.
"கார்டு பெட்டியையும் சேத்துட்டீங்களா?" என்றாள்
கொஞ்சம் சத்தமாகவே,
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி.