பதினொன்றும் பதினேழும்

எல்லாப் படகுக்கும் ஒரே அச்சுதான்.
சூரமங்கலத்தில் கார் பம்பர் ஒட்டும் ஷெட்டில்
ஞாயிறு மட்டும் நமக்குக் கிடைக்கும்.
ஃபைபர் துணி, ரெசின், மூக்கில் ஏறும் நெடி.
திங்கள் முழுக்க முழங்கை அரிக்கும்.

நீளம் ஒன்று, பாய் ஒன்று,
அடியில் தொங்கும் ஈயக் குண்டும் ஒரே வார்ப்பு.
காசிருக்கிறதென்று பெரிய பாய் கட்ட முடியாது.
விதிப்புத்தகம் பதினாறு பக்கம்,
பதினைந்தில் ‘கூடாது’.

எடை பார்ப்பது என் பொறுப்பு.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
முதலாளி சாப்பிடப் போன நேரம்
வெள்ளிக்கட்டி நிறுக்கும் தராசில்
ஒவ்வொன்றாய் ஏற்றி இறக்குவேன்.
கோதைநாயகியின் படகு ஆறு கிராம் குறைந்தது.
வெள்ளியில் ஆறு கிராம் என்றால் கைகலப்பு வரும்.
சேகோ ஆலையில் கணக்கெழுதுகிறவள்,
பேசாமல் ஈயத்துண்டைக் கடித்து நெளித்து
பாய்மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டாள்
என்னைப் பார்த்தபடியே.

ஏற்காட்டுக்கு முதல் பஸ்.
கண்டக்டர் படகுக்கு அரை டிக்கெட் கேட்டார்.
கேட்டதில் தப்பில்லை,
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியில் படுத்துத்தான் வந்தது,
துண்டில் சுற்றிய ஈயம் தொடையை அழுத்த.

எட்டரை வரை ஏரி நமக்கு,
பிறகு மிதிபடகுகளுக்கு.
லத்தீப் விசிலோடு பைக் சீட்டின் மேல் நின்றார்.
மிதவை என்பது
ஆரஞ்சுப் பெயிண்ட் அடித்த எண்ணெய் கேன்.
பத்து, ஒன்பது, எட்டு,
ஊதினார்.

முதல் சுற்று வரை எல்லாம் தெரிந்தது.
அப்புறம் லேடீஸ் சீட் பக்கமிருந்து
ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இறங்கியது மூட்டம்.
பன்னிரண்டு வெள்ளைப் பாய்,
எண்ணெல்லாம் கரைந்துபோய்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு வழி உண்டு:
விசையை இடப்பக்கம் தள்ளு,
எது இடப்பக்கம் திரும்புகிறதோ அது உன்னுடையது.
தள்ளினேன்.
திரும்பியது.

அப்படி ஒரு திரும்பல்!
கேனை ஒரு சாண் விட்டு,
நுரை கிளம்பாமல், பாய் படபடக்காமல்.
காற்று எங்கே கறுக்கிறதென்று
எனக்குத் தெரிவதற்குள் அதற்குத் தெரிந்தது.
மூன்று பேரைத் தாண்டினேன்.
சில தடவை
கட்டைவிரல் அசைவதற்கு முன்பே படகு சாய்ந்தது.
போன மாதம் மாற்றிய பேட்டரி,
கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நினைத்தேன்.
பக்கத்தில் கோதைநாயகி மூச்சு விடவில்லை.
தோற்கிறவள் பாவம், அப்படித்தான் நிற்பாள்.

முடிவுக் கோட்டுக்குப் பத்தடியில்
மூட்டம் கொஞ்சம் விலகியது.
பாயில் பதினொன்று.

என்னுடையது பதினேழு.

அதோ, எதிர்க்கரைக் கோரைக்குள்.
நான் இடம் என்றபோது இடம்,
வலம் என்றபோது வலம்,
இந்த நேரமெல்லாம் சுக்கானை ஆட்டிக்கொண்டு
சொன்ன பேச்சு தட்டாமல்
சேற்றில் நின்றிருக்கிறது.

‘நல்லாத்தான் ஓட்டுனீங்க’
என்றாள் கோதைநாயகி, சிரிக்காமல்.
சிரித்திருக்கலாம்.

முதல் மிதிபடகில் ஏறிய புது ஜோடி ஒன்று
அதை எடுத்துவந்து கொடுத்தது.
‘பொம்மைதானேன்னு தூக்கினேன், என்னா கனம்!’
என்றாள் அந்தப் பெண்,
மருதாணிக் கையெல்லாம் பாசி.

மிளகாய் பஜ்ஜிக் கடையில் கூட்டம் போட்டோம்.
இனிமேல் பாய்மர உச்சியில்
ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்ட வேண்டும்,
தீர்மானத்தை லத்தீப் படித்தார்.
எண்ணெய்க் கைகள் பதினொன்று எழுந்தன.

நான் மட்டும் தூக்கவில்லை.
இன்னொரு பஜ்ஜி கேட்டேன்.
அந்த நாலு நிமிஷம் போல
நான் என்றைக்கும் ஓட்டியதில்லை.