தற்காலிக நிறுத்தம்

பஸ்ஸுக்குள் அல்ல,
பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான்
கணுக்கால் முறிந்தது.
கயானி நகரத்தில் பத்தொன்பது வருடம்
நான்காம் எண் வண்டி ஓட்டியவன்
கடைசிப் படியைக் கணக்கில் விட்டேன்.
எட்டு வாரம் கட்டு என்றார் டாக்டர்.

மார்கெத்தா கூரை வைத்த ஒரு மரப்பெட்டி வாங்கி வந்து
சமையலறை ஜன்னலுக்கு நேரே, கொல்லை நடுவில்,
கம்பத்தில் மாட்டினாள்.
"எட்டு வாரம் என் முகத்தையே பார்த்திருந்தால்
சண்டை போடுவாய், ஓலவி."

பதினோரு நாள் ஒரு குருவி இல்லை.
சூரியகாந்தி விதைமேல் உறைபனி பூத்தது.
தபால் போட வந்த ஸாய்யா
வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள்:
"வெட்டவெளியில் யார் வந்து ஏறுவார்கள்?
ஒளிய ஒரு மரம் வேண்டாமா?"
பையை இறக்கிவைத்துக் கம்பத்தைப் பிடுங்கி
ஊசியிலை மரத்துக்கு நாலடி தள்ளி நட்டாள்.
வெங்காய வலையில் பன்றிக் கொழுப்பைக் கட்டித் தொங்கவிட்டாள்.
அவள் சொன்னது சரிதான்.
நிழற்குடை இல்லாத இடத்தில்
யாரும் எனக்குக் கை காட்டியதில்லை.

ஒன்பது இருபதுக்கு வெளிச்சம்.
ஒன்பது இருபத்திரண்டுக்கு முதல் பட்டாணிக் குருவி.
ஒரு விதை. ஒன்றே ஒன்று.
ஏறிய வேகத்தில் இறங்கி
கிளையில் வைத்து டக்டக்கென்று உடைத்துத் தின்றுவிட்டு
மறுபடி வரும்.
ஆஸ்பத்திரிக்கு ஒரு நிறுத்தம் மட்டும் வரும்
நர்ஸுகள் இப்படித்தான்.
பச்சைக் குருவிகள் பள்ளி விடும் நேரத்துக் கூட்டம்:
இடம் போதாது, இடம் விடவும் மாட்டார்கள்.
பத்து மணிக்கு மேல் புனாதுல்க்கு ஜோடி.
ஆணுக்கு மார்பு முழுக்கச் செக்கச்செவேல்.
உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.
மாதச் சீட்டு வாங்கிக்கொண்டு
கடைசி நிறுத்தம்வரை தூங்கி வருவார் ஒருவர்,
போன வருடம் வருவது நின்றுபோனது,
பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

நோட்டில் கோடு கிழித்தேன்:
நேரம், பெயர், எத்தனை.

ஆறாவது வாரம். மைனஸ் இருபத்தேழு.
பெட்டியில் இருந்தவை எல்லாம்
ஒரே கணத்தில் அசையாமல் நின்றன.
அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன்,
வேலிக்கு மேலாக, தாழ, சாம்பல் நிறமாக.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
கையை ஓங்கித் தட்டியதில் காப்பி கொட்டியது,
அவ்வளவுதான் நடந்தது என்னால்.

பனிமேல் குடை கவிழ்த்தாற்போல்
இறக்கையால் மூடிக்கொண்டு நின்றது வல்லூறு.
மஞ்சள் கண்.
என்னைப் பார்த்தது, பிறகு குனிந்தது.
கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது.
எழுந்து போன இடத்தில் ஒரு பிடிச் சிவப்பு.

தினமும் இந்த நேரம், இந்த இடம் என்று
இத்தனை பேரைக் கூட்டிவைத்தவன் நான்.
கால அட்டவணையை
அதுவும்தானே படித்திருக்கும்.

ராத்திரி ஷூவைக்கூடக் கழற்றாமல்
மார்கெத்தா கேட்டாள், "இன்றைக்கு எத்தனை பேர்?"
"நாற்பத்தொன்று. ஒருவர் பாதியில்..."
நோட்டை இழுத்துப் பார்த்தாள்.
கடைசி வரி காலியாக இருந்தது.
"எழுது," என்றாள். "டிக்கெட் இல்லாமல் ஏறினாலும்
ஏறியது ஏறியதுதானே."
பத்து நாற்பது. வல்லூறு. ஒன்று.
மேல் வரியில் இருந்த 'புனாதுல்க்கு, இரண்டு'
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் ஊன்றுகோலோடு போய் விதை நிரப்பினேன்.
நிரப்பலாமா என்று வாசற்படியில் நின்றதை
இந்த நோட்டில் எழுதக் கட்டம் இல்லை.
ஒன்பது இருபத்திரண்டு. யாருமில்லை.
ஒன்பது ஐம்பது.
தாமதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்,
ஓட்டுகிறவனாக.
நிற்கிறவனாகத் தெரியாது.

பத்தே கால் இருக்கும்.
பெண் வந்தது, பழுப்பாக.
வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்து
மெதுவாகத் தின்னத் தொடங்கியது.
பக்கத்து இடத்தில் பட்டாணிக் குருவி ஒன்று இறங்கி
ஒரு விதை எடுத்துக்கொண்டு
போய்விட்டது.